பதினாறே மாதத்தில் போன ஷாக் அப்சார்பர்: ‘தேய்மானம்’ என்று ஷோரூம் கைவிரித்தால்?

திண்டுக்கல் மாவட்டத்தில் மளிகைக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த கையோடு, மதுரை ஷோரூம் ஒன்றில் 11 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குப் புதுக் கார் எடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் வங்கிக் கடன். பத்தாவது மாதம், 13,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடதுபுறத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. சர்வீஸுக்கு விட்டார். முன்சக்கரப் பகுதியில் இருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு என்ற இணைப்புக் கம்பியை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அதே சத்தம். அதை வீடியோ எடுத்து சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார், ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது” என்று பதில் வந்திருக்கிறது. நம்பி ஓட்டினார். பதினாறாவது மாதம், 21,000 கிலோமீட்டரில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் இடது ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் வழிகிறது, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து கிடக்கிறது, இடது டயரின் உள்விளிம்பு மட்டும் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பழுதுக்கு 27,800 ரூபாய் எஸ்டிமேட். முன்பக்க டயர் இரண்டையும் மாற்றிய வகையில் 15,400 ரூபாய் ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது.

ஷோரூம் அடுக்கும் காரணங்கள் இவை. இது தேய்மானம். மொத்த வண்டிக்கு 3 வருட வாரண்டி இருந்தாலும், ஷாக் அப்சார்பருக்கும் ரப்பர் புஷ்களுக்கும் 1 வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர்தான். இடையில் வெளியே ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்ததால் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் பாகங்கள்) வாரண்டியே ரத்து. போதாததற்கு, பின்னால் வெங்காய மூட்டை ஏற்றுகிறீர்கள். கடைசியில் அட்வைசர் குரலைத் தாழ்த்தி, “பள்ளத்துல விழுந்துடுச்சுன்னு எழுதிக் குடுங்க, இன்சூரன்ஸ்ல முடிச்சிடலாம்” என்றாராம்.

“எனக்கு இந்த வண்டியே வேண்டாம், புது வண்டி வாங்க வழி சொல்லுங்கள். அதுவரை இஎம்ஐ கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா? கடைக்கும் பயன்படுத்துவதால் நுகர்வோர் நீதிமன்றம் என் வழக்கை எடுக்காது என்கிறார்களே, உண்மையா?” இவை வாசகரின் கேள்விகள்.

முதலில், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது 27,800 ரூபாய் அல்ல, அந்த இன்சூரன்ஸ் யோசனைதான். உதவி செய்வதுபோல்தான் சொல்லியிருப்பார். ஒருவேளை உண்மையாகவே உதவ நினைத்தும் இருக்கலாம். ஆனால் ‘பள்ளத்தில் விழுந்தது’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த நிமிடம், பழுதுக்குக் காரணம் பாகத்தின் குறைபாடு அல்ல, வெளியிலிருந்து விழுந்த அடி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்தான்) கம்பெனி வக்கீல் வேறு எந்த ஆவணமும் தேட வேண்டாம். அந்த ஒற்றைக் காகிதத்தை நீட்டினால் போதும்.

நடக்காத விபத்தை நடந்ததாகச் சொல்லி க்ளைம் வாங்குவது மோசடி என்பது தனி. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து, ரிம்மில் ஒரு நசுங்கல்கூட இல்லையே என்று நிராகரித்தால், வாரண்டியும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை என்று நடுவில் நிற்பீர்கள். தேய்மானத்தையும் மெக்கானிக்கல் பிரேக்டவுனையும் சாதாரண மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. முதல் வருடம் க்ளைம் இல்லாமல் கழிந்ததற்காகக் கிடைக்கும் 20 சதவீத நோ க்ளைம் போனஸையும் அடுத்த புதுப்பித்தலில் இழப்பீர்கள்.

இஎம்ஐயும் அப்படித்தான். கடன் உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தம். கார் ஓடுகிறதா, சத்தம் போடுகிறதா என்பது வங்கிக்குத் தேவையில்லாத சங்கதி. தவணை தவறினாலே சிபில் மதிப்பெண் விழும், அப்புறம் வண்டியைத் தூக்க ஆள் வருவார்கள். வழக்கின் முக்கியச் சாட்சியே உங்கள் கார்தான். அதையே பறிகொடுத்துவிட்டு எதை வைத்து வாதிடுவீர்கள்? தவணையைத் தவறாமல் கட்டுங்கள்.

தேய்மானமா, குறைபாடா?

3 வருட வாரண்டி என்றால் வண்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் 3 வருடம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விற்கும்போது யாரும் திருத்துவதும் இல்லை. பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் ரப்பர், டயர் போன்றவற்றை வாரண்டி புத்தகம் வழக்கமாக விலக்கி வைக்கும். புஷ், ஷாக் அப்சார்பர் போன்றவற்றுக்குச் சில கம்பெனிகள் குறைந்த காலம் வைப்பதும் உண்டு. ஆகவே ‘1 வருடம் அல்லது 20,000’ என்பது உங்கள் புத்தகத்தில் அச்சாகியிருந்தால், அந்த வரி செல்லாது என்று வாதிடுவதில் பயனில்லை. அச்சாகியிருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பாருங்கள். உங்கள் பையன் ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள்.

வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் முதலில் சத்தம் என்று சொன்னது பத்தாவது மாதம், 13,000 கிலோமீட்டரில். அந்தக் குறுகிய காலத்துக்கும் உள்ளேதான். அப்போது அவர்கள் வண்டியைப் பார்த்து, லிங்க் ராடுதான் காரணம் என்று முடிவு செய்து மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. மறுபடி சொன்னீர்கள், அடுத்த சர்வீஸுக்குத் தள்ளினார்கள். தவறாகக் கண்டுபிடித்ததும் தள்ளிப்போட்டதும் அவர்கள். அந்தத் தாமதத்தில் கழிந்த ஆறு மாதத்தை உங்கள் கணக்கில் எழுத முடியாது என்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளில் உள்ள குறைபாட்டையும் சேவையில் உள்ள குறைபாட்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. பாகத்தில் உற்பத்திக் குறை இருந்ததை நிரூபிக்கச் சிரமப்பட்டால்கூட, புகாரைச் சரியாகப் பார்க்காமல் விட்டது சேவைக் குறைபாடு என்ற இரண்டாவது கதவு திறந்திருக்கும்.

இன்னொன்று, தேய்மானம் என்பது படிப்படியாக, ஏறக்குறைய இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வருவது. ஒரே சாலையில், ஒரே ஓட்டுநர் ஓட்டிய வண்டியில் இடது பக்கம் முழுதாகப் போய், வலது பக்கம் புத்தம்புதிதாக இருந்தால், அதற்குத் தேய்மானம் என்று பெயர் வைப்பது கடினம். ஒன்று அந்தப் பாகத்தில் குறை இருந்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் பலமாக அடி வாங்கியிருக்க வேண்டும். அடி என்றால் தடயம் இருக்கும். ரிம் விளிம்பு நசுங்கியிருக்கும், லோயர் ஆர்ம் வளைந்திருக்கும். இதை யாராவது பார்த்துப் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் புஷ் மட்டும்தான் இருக்கிறது, ரிம் இல்லை, ஆர்ம் இல்லை. அது உங்களுக்குச் சாதகம். ஷாக் அப்சார்பர் மேல் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் கம்பெனிகள் அதை இயல்பு என்றே சொல்லும், அதில் உண்மையும் உண்டு. வழிந்து சொட்டுவது வேறு. உங்கள் எஸ்டிமேட்டில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பார்த்தேன். ‘லீக்’ என்றே எழுதியிருக்கிறார்கள்.

வெங்காய மூட்டைக்கு வருவோம். மூட்டை ஏறுவது பின்னால். எடை கூடினால் முதலில் திணறுவது பின்பக்க ஸ்பிரிங்கும் பின்பக்க ஷாக் அப்சார்பரும். உங்களுக்குப் போனது முன்னால், அதுவும் ஒரு பக்கம் மட்டும். இந்தக் காரணத்தைச் சொன்னவர் எழுத்தில் தரட்டும், நல்லது. ஆனால் அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றினேன் என்று யாரிடமும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே ஏற்றியிருந்தால் உங்கள் வக்கீலிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘நம்ம ரோடு சரியில்ல சார்’ என்பதையும் சொல்லியிருப்பார்களே என்று தேடினேன், இருக்கிறது. இந்தியச் சாலைகளுக்கான வண்டி என்று விளம்பரம் செய்து விற்பவர்கள் சொல்லக் கூடாத வாக்கியம் அது. நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாகச் சரிவாக இருக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் சிமெண்ட் மேடுகளைப் பார்த்தால் அந்த அளவெல்லாம் கற்பனை போலத் தோன்றும். அது உள்ளாட்சியோடு போட வேண்டிய தனிச் சண்டை.

டயர் கடைத் துண்டுச்சீட்டு

வெளியே அலைன்மென்ட் பார்த்ததால் வாரண்டி ரத்து என்பதை அப்படியே நம்பிவிட்டீர்கள். சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்ற மொத்தத் தடையை விதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அந்த உத்தரவை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போனது தனிக் கதை; ஆகவே அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காரணமும் விளைவும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். உங்கள் வண்டி போன்றவற்றில் முன்சக்கர அலைன்மென்ட் என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி ‘டோ’ அளவை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தைச் சரி செய்வதுதான். லோயர் ஆர்ம் புஷ்ஷை யாரும் தொடுவதில்லை. தொடாத பாகம் அதனால் எப்படிக் கிழியும்?

சொல்லப்போனால் அந்த டயர் கடைதான் உங்களுக்கு உதவியிருக்கிறது. அலைன்மென்ட் மெஷின் அச்சடித்துத் தரும் சீட்டில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு பத்தி இருக்கும். சரி செய்வதற்கு முன் இடது சக்கரத்தின் கேம்பர் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு), டோ என்ன, வலது சக்கரத்தினுடையது என்ன என்று தேதியோடு பதிவாகியிருக்கும். நீங்கள் இணைத்திருக்கும் சீட்டில் இரண்டு பக்கக் கேம்பரும் கம்பெனி அளவுக்குள் இருக்கிறது. பலமான அடி பட்டு ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருந்தால் அது இப்படி இருப்பது அரிது. டோ மட்டும் இடதுபுறம் விலகியிருக்கிறது. உள்விளிம்பு தேய்ந்ததற்கும் அதற்கும் பொருத்தம் இருக்கிறது. அந்தச் சீட்டு வெப்பத் தாளில் அச்சானது, சீக்கிரம் மங்கிவிடும். கைக்குத் திரும்பி வந்ததுமே ஜெராக்ஸ் எடுங்கள்.

புது வண்டி கிடைக்குமா?

கிடைக்காது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பாகத்தைச் சரி செய்வது அல்லது மாற்றித் தருவது என்றுதான் வாரண்டி சொல்கிறது. அப்படி வாரண்டி வரையறுத்திருக்கும்போது முழுக் காரையும் மாற்றிக் கொடு என்று உத்தரவிட முடியாது என மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. திரும்பத் திரும்பச் சரி செய்தும் தீராத, வண்டியை ஓட்டவே லாயக்கில்லாமல் ஆக்குகிற குறைபாட்டில் ஆணையங்கள் விலையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடுவது உண்டு. ஒரு ஷாக் அப்சார்பரும் ஒரு புஷ்ஷும் அந்தக் கணக்கில் வராது. புது வண்டி கேட்டு மனு போட்டால் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து பலவீனமாகத் தெரியும்.

கேட்க வேண்டியது இதுதான்: பாகங்களையும் கூலியையும் இலவசமாக, அல்லது கட்டிய தொகையைத் திருப்பி, டயர் செலவு 15,400, அலைன்மென்ட் செலவு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. இழப்பீடாக ஐந்து லட்சம் என்று எழுதச் சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள். எழுதலாம், கிடைப்பது அதில் சிறு பகுதி.

கடைக்கும் பயன்படுத்துகிறேனே என்ற பயம் தேவையில்லை. வணிக நோக்கம் என்றால் எதற்காக முதன்மையாக வாங்கினீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் விளக்கியிருக்கிறது. குடும்பத்துக்கென்று சொந்தப் பெயரில் வாங்கி, வெள்ளை நம்பர் பிளேட்டில் ஓட்டும் கார் அது. சந்தையிலிருந்து எப்போதாவது மூட்டை கொண்டுவருவதால் அது சரக்கு வண்டி ஆகிவிடாது. சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கும் இருக்கிறது. கார் கடையின் பெயரில் பதிவாகி, வரிக் கணக்கில் தேய்மானச் செலவும் (டிப்ரிசியேஷன்) காட்டியிருந்தால் வாதம் சற்றுக் கடினம். அதை நீங்கள் எழுதவில்லை, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எப்படிப் போவது

முதல் வேலை, வண்டியை விடும்போது புகாரைப் பதிவு செய்யும் சீட்டான ஜாப் கார்டு மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். டெலிவரி எடுக்கும்போது நீங்கள் போட்ட கையெழுத்துக்கு மேல் ‘திருப்தி’ என்று அச்சாகியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம், ஓட்டிப் பார்க்குமுன் வாங்கும் கையெழுத்து அது. நான் தேடுவது புகார் பத்தியைத்தான். ‘முன்பக்கம் இடதுபுறம் சத்தம்’ என்று முதல் கார்டில் எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘பொது சர்வீஸ்’ என்று மட்டும் இருந்தால் லிங்க் ராடு மாற்றிய பில்லும் வாட்ஸ்அப் உரையாடலும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆகவே அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. இனி சர்வீஸுக்கு விடும்போது அட்வைசர் டேப்லெட்டில் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்கள் ‘கடக் கடக்’ என்று சொன்னதை அவர் ‘ஜெனரல் செக்கப்’ என்று சுருக்கினால், திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்து, வண்டியை இப்படியே ஓட்டாதீர்கள். கிழிந்த லோயர் ஆர்ம் புஷ்ஷோடு பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நெடுஞ்சாலையில் அது விளையாட்டல்ல. அதோடு, தெரிந்தும் ஓட்டிச் சேதத்தைப் பெருக்கினார் என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். ஆனால் பழுது பார்த்துவிட்டால் சாட்சியம் போய்விடுமே என்ற சிக்கல் இருக்கிறது. எனவே பழுதுக்கு முன் வண்டியை லிஃப்டில் வைத்து இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் படமும் வீடியோவும் எடுங்கள், மீட்டர் எண் தெரிய. தனியாக உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரையோ, அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரையோ அழைத்துப் பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். உற்பத்திக் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்ற கார் வழக்குகள் ஏராளம்.

அதன்பின் ஷோரூமுக்கு ஒரு மெயில்: ‘வாரண்டியில் செய்ய வேண்டிய வேலை இது, என் பாதுகாப்புக்காக ஆட்சேபத்துடன் பணம் கட்டுகிறேன், பழைய பாகங்களை என்னிடமே ஒப்படைக்க வேண்டும்.’ வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குப் போகும். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழையது உங்களுடையது. கேட்டு வாங்கி, கழுவாமல், துடைக்காமல், எண்ணெய்க் கறையோடு சாக்கில் கட்டி முத்திரை வையுங்கள். பாகத்தின் மேல் உள்ள உற்பத்தி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். 1915 நீதிமன்றம் அல்ல, உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஷோரூம் மேலாளர் மூடி வைத்த கோப்பு அப்போது கம்பெனியின் பிராந்திய அதிகாரி மேஜைக்குப் போகும். இந்த அளவுப் பிணக்கில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாகம் இலவசம், கூலி உங்களுடையது என்று ஒரு சமரசம் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. வந்தால் என் யோசனை: டயர் செலவில் பாதியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் முடித்துக்கொள்ளுங்கள். கொள்கைக்காகப் போராடுகிறேன் என்பவர்களை மதிக்கிறேன். ஆனால் கல்லாவில் நீங்கள் இல்லாத ஒவ்வொரு வாய்தாவும் உங்களுக்குச் செலவுதான்.

ஒத்துவராவிட்டால் நோட்டீஸ், பிறகு மனு. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே தாக்கல் செய்யலாம். 2019 சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. ஷோரூம், உற்பத்தி நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தனித்தனி நிறுவனங்களாக ஒப்பந்தம் போட்டு நடப்பவை. டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகிவிடாது என்று டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாவ்லோ வாஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவில் பாகத்தின் குறைக்குக் கம்பெனி, தள்ளிப்போட்ட சேவைக்கு ஷோரூம் என்று பிரித்து எழுத வேண்டும். பரிசோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நிறையவே இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

காலக்கெடு 2 வருடம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் அவர்கள் சண்டை போடுவார்கள், அதனால் லிங்க் ராடு மாற்றிய நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கடிதத்தோடு அசல் எஸ்டிமேட்டையும் அலைன்மென்ட் சீட்டையும் தபாலில் அனுப்பிவிட்டீர்கள். இரண்டையும் ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி அசலை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.